எர்த் முதலில், மின்சாரம் கடைசியில்: நெட்வொர்க் கருவிகளை நிறுவிக் கேபிள் இணைக்கும் முறை

புதிய சுவிட்சையோ ரூட்டரையோ பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மின்சாரம் கொடுத்து விளக்கு எரிகிறதா என்று பார்க்கத் தோன்றுவது இயல்பு. அந்த அவசரத்தை அடக்குவதிலிருந்துதான் பாதுகாப்பான நிறுவல் தொடங்குகிறது. ரேக்கை அசையாமல் நிறுத்துவது, அதில் கருவியைப் பொருத்துவது, எர்த் இணைப்பது, தரவுக் கேபிள்களை இழுத்து முனை கட்டிச் சோதிப்பது, அதன்பிறகே மின்சாரம் கொடுப்பது என்ற வரிசையை மாற்றக் கூடாது. கழற்றும்போது இது தலைகீழாகும். மின்சாரம் முதலில் நீங்க வேண்டும், எர்த் கடைசியாக நீங்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி இருந்தால், எர்த் உறுதியான பிறகே அதைச் செருக வேண்டும். கருவியின் மூடியைத் திறப்பதற்கு முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும். கருவி அணைந்திருந்தாலும் அந்தக் கம்பியில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும்.

புதிய மின்சுற்று, பிரேக்கர், சுவர் சாக்கெட் ஆகியவை உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. இங்கே சொல்லப்படுவது சாக்கெட்டுக்கு இப்பால் உள்ளதைப் பற்றியது.

ரேக்கும் இடமும்

ரேக்கில் பொருத்தும் கருவியின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். உயரத்தை 'யூ' என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர். ஒவ்வொரு யூவிலும் மூன்று துளைகள் உண்டு. ஆனால் அவற்றின் இடைவெளிகள் சமமானவை அல்ல. ஒரு யூவுக்குள் அடுத்தடுத்த துளை மையங்கள் 15.875 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும்; ஒரு யூவின் கடைசித் துளைக்கும் அடுத்த யூவின் முதல் துளைக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும். நெருங்கி நிற்கும் அந்த இரண்டு துளைகளுக்கு நடுவில்தான் யூவின் எல்லை ஓடுகிறது. இதைக் கவனிக்காமல் திருகு ஏறுவதற்காகத் துளையில் மாட்டும் கேஜ் நட்டை ஒரு துளை தள்ளிச் செருகினால், அந்தக் கருவி எப்படியோ ஏறிவிட்டாலும் அதற்கு மேலே வரவேண்டியது இடிக்கும்.

பேட்டரியுள்ள யுபிஎஸ் போன்ற கனமானவை அடியில் இருக்க வேண்டும். ரேக்கைக் கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். காலி ரேக்கின் மேல்பகுதியில் முதலில் எடையை ஏற்றினாலும், ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளைத் தண்டவாளத்தில் வெளியே இழுத்தாலும் ரேக் முன்பக்கம் சாயக்கூடும். ஆகவே தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்கிய பின்பே ஏற்றத் தொடங்க வேண்டும். நீளமான சுவிட்சை முன்பக்கக் காதுகளில் மட்டும் தொங்கவிடாமல் பின்பக்கத்திலும் தாங்க வேண்டும். தூக்கும்போது ஒருவர் கருவியைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் திருகுவதே முறை.

காற்றோட்டத்தின் திசையையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சில சுவிட்சுகள் முன்னாலிருந்து பின்னால் காற்றை இழுக்கும், சில அதற்கு எதிராக இழுக்கும். ஒன்றின் வெப்பக் காற்றை மற்றொன்று உள்ளிழுக்கும்படி அமைந்துவிட்டால் அறையை எவ்வளவு குளிர்வித்தாலும் பயனில்லை. காலி யூக்களைத் தகட்டால் மூடுவது இதற்காகத்தான். உள்ளே நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது.

எர்த்

இந்த வேலை முழுவதிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது எர்த் இணைப்பு என்பது என் கருத்து. எர்த் இல்லாமலும் கருவி பிழையின்றி ஓடும் என்பதால்தான் இந்தப் புறக்கணிப்பு வெளியே தெரிவதில்லை.

கருவியின் மின்வழங்கியில், இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்து உலோகக் கூட்டுக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து கூட்டுக்கு ஒன்றுமாகச் சிறிய கெபாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே எப்போதும் ஒரு சிறு மின்னோட்டம் எர்த்துக்குக் கசிந்துகொண்டிருக்கும். இது பழுதன்று, வடிவமைப்பே அப்படி. எர்த் கம்பி அறுந்திருந்தால் அந்த மின்னோட்டம் போக வழியில்லாமல், கூட்டின் மின்னழுத்தம் வழங்கலின் ஏறத்தாழப் பாதிக்கு உயர்ந்து நிற்கும். 230 வோல்ட் வழங்கலில் அது 115 வோல்ட்டை ஒட்டியிருக்கும். ஒரு கருவியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று உணர்வதோடு முடிந்துவிடலாம். ஆனால் எர்த் அறுந்த ஒரே மின்பலகையில் இருபது கருவிகள் செருகப்பட்டிருந்தால் இருபதின் கசிவும் சேர்ந்து, முதலில் தொடுபவரின் உடல் வழியாக இறங்கும். அப்படி ஒரு ரேக்கில் கையை வைத்து அதிர்ந்து விலகியவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து எர்த்தை அளந்து பார்க்காமல் எந்தச் செருகியையும் செருகுவதில்லை. எர்த் முதலில் வர வேண்டும், கடைசியில்தான் போக வேண்டும் என்ற விதியின் காரணம் இதுவே.

ரேக்கைக் கட்டடத்தின் எர்த் பட்டையுடன் 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால் இணைப்பது பரவலான வழக்கம். உள்ளூர் மின்விதி இதைவிடத் தடித்த கம்பியைக் கேட்டால் அதையே பின்பற்ற வேண்டும். கம்பி முனையில் லக் எனும் உலோக வளையத்தைப் பொருத்தி, தொடும் இடத்தில் ரேக்கின் பெயின்டைச் சுரண்டி உலோகத்தை வெளியே கொண்டுவந்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்க வேண்டும். பெயின்டின் மேல் இறுக்கிய போல்ட் கண்ணுக்கு எர்த்தாகத் தோன்றும், மீட்டருக்குத் தோன்றாது. ரேக்கின் கதவுகளுக்கும் பக்கத் தகடுகளுக்கும் தனித்தனி இணைப்புக் கம்பி தேவை. கீலை நம்பக் கூடாது. இரைச்சலைத் தடுக்கும் உலோகத் திரையிட்ட கேபிள் பயன்படுத்தினால் அதன் திரையும், கேபிள்கள் வந்து முடியும் துளைப் பலகையான பேட்ச் பேனல் வழியாக இதே எர்த்தைச் சேர வேண்டும், இல்லாவிட்டால் திரை இருந்தும் பயனில்லை.

இரண்டு கட்டடங்களைச் செம்புக் கேபிளால் இணைக்காதீர்கள். இரண்டின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அருகில் இடி இறங்கும் நேரத்தில் அந்த வேறுபாடு ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எழக்கூடும். ஈதர்நெட் போர்ட்டுக்குள் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட்டைத் தாங்கும்படி வரையறுக்கப்பட்டது, அதற்கு மேல் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கட்டடங்களுக்கிடையே உலோகமே இல்லாத ஒளியிழையைப் போட்டால் இந்தச் சிக்கல் எழுவதேயில்லை. அதே காரணத்தால், இடிமழையின்போது எந்தத் தொடர்புக் கம்பியையும் இணைக்கவோ கழற்றவோ கூடாது.

கருவியின் உள்ளே அட்டை பொருத்தும்போது மணிக்கட்டுப் பட்டை அணிய வேண்டும். அதில் ஒரு மெகாஓம் மின்தடை இருக்கும். உடலில் சேர்ந்த நிலைமின்னை மெதுவாக வடித்துவிடுவதோடு, தவறிப்போய் மின்சாரத்தைத் தொட்டுவிட்டால் உடலில் பாயும் மின்னோட்டத்தையும் அது கட்டுப்படுத்தும். ஆகவே பட்டைக்குப் பதிலாக வெறும் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வது ஆபத்து.

மின்வழங்கல்

இரண்டு மின்வழங்கிகள் கொண்ட கருவியின் இரண்டு செருகிகளையும் ஒரே மின்பலகையில் குத்துவது, இரட்டை வழங்கலுக்குக் கொடுத்த பணத்தை வீணாக்குவதாகும். ஒவ்வொன்றும் வெவ்வேறு மின்சுற்றிலிருந்து வர வேண்டும். இங்கே ஒரு கணக்கு தப்பிவிடுகிறது: இரண்டும் ஓடும்போது சுமை பாதிப் பாதியாகப் பிரியும், ஒன்று நின்றால் முழுச் சுமையும் மற்றதன் மேல் விழும். ஆகவே இரு சுற்றுகளின் சுமையையும் கூட்டினால் வரும் தொகை, ஒரு சுற்று தொடர்ந்து தாங்கும் அளவுக்குள் அடங்க வேண்டும். இதைப் பாராமல் இரண்டையும் முக்கால்வாசி ஏற்றி வைத்தால், ஒரு பிரேக்கர் விழுந்த அடுத்த நொடியே மற்றதும் விழுந்து, காப்பாக இருக்க வேண்டிய ஏற்பாடே முழு அணைவுக்குக் காரணமாகிவிடும். பழுதுபார்க்கும் நேரத்தில் இதே இரட்டைச் செருகி வேறொரு ஆபத்தையும் கொண்டுவருகிறது. ஒன்றைப் பிடுங்கிவிட்டு மின்சாரம் போய்விட்டது என்று நம்பிக் கையை வைப்பவர்கள் உண்டு. இரண்டு செருகிகள் உள்ளன என்ற எச்சரிக்கையை மூடியின் மேலேயே ஒட்டிவிட வேண்டும்.

48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் தொலைத்தொடர்புக் கருவிகளில், சுற்றைத் துண்டித்து அளந்து உறுதிசெய்த பின், எர்த், நேர்முனையாகிய திரும்பு கம்பி, மைனஸ் 48 வோல்ட் கம்பி என்ற வரிசையில் இணைக்க வேண்டும். அழுத்தம் குறைவுதானே என்று எண்ணிவிடக் கூடாது. பின்னாலிருக்கும் பேட்டரி வரிசை தரக்கூடிய மின்னோட்டம் மிகப் பெரியது. இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் அது உருகும். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டே இந்த வேலையைத் தொட வேண்டும்.

செம்புக் கேபிள்

கேபிளை வாங்கும்போதே ஒரு முடிவை எடுத்துவிட வேண்டும்: செம்பு பூசிய அலுமினியக் கம்பியை வாங்கக் கூடாது. ஈதர்நெட்டுக்கான கேபிள் தரங்கள் முழுச் செம்பையே கேட்கின்றன. அலுமினியத்தின் மின்தடை அதிகம், வளைத்தால் உடையும், கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. இணைப்பில் சூடாகும். உறையில் தரத்தின் பெயர் அச்சிடப்பட்டிருப்பதை மட்டும் நம்பாமல், முனையைச் சுரண்டி உள்ளே வெள்ளியாகப் பளபளக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு ஜிகாபிட் வேகத்துக்குக் கேட் 5இ என்ற தரக் கேபிள் போதும். 10 ஜிகாபிட் வேகம் வேண்டுமென்றால், கேட் 6 சுமார் 55 மீட்டர் வரைதான் தாங்கும். முழு 100 மீட்டருக்குக் கேட் 6ஏ வேண்டும். அந்த 100 மீட்டர் என்பது சுவருக்குள் நிலையாக ஓடும் 90 மீட்டரும் இரு முனைகளிலும் சேர்த்து, கருவியை இணைக்கும் சிறு கேபிள்களான பேட்ச் கார்டுகளுக்கான 10 மீட்டரும் சேர்ந்தது. சுவருக்குள் ஒற்றைக் கம்பி கேபிளும் பேட்ச் கார்டில் பல இழைக் கேபிளும் பயன்படுகின்றன. இரண்டுக்கும் பிளக்கின் உள்ளே உள்ள பற்களின் அமைப்பு வேறு என்பதால், கேபிளுக்கேற்ற பிளக்கையே வாங்க வேண்டும்.

இழுக்கும்போது இழுவிசை 110 நியூட்டனைத் தாண்டக் கூடாது. இது ஏறத்தாழ 11 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். ஒருவர் உடலைச் சாய்த்து இழுத்தாலே இந்த எல்லை கடந்துவிடும். கேபிள் சிக்கினால் வலுவாக இழுக்காமல் பின்னால் சென்று சிக்கலை எடுக்க வேண்டும். வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தின் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. மின்கம்பியுடன் ஒரே குழாயில் தரவுக் கேபிளை ஓட்டக் கூடாது. ஒன்றையொன்று கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சுவரையோ தளத்தையோ துளைத்த இடத்தைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்காமல் விட்டால், அந்தத் துளை தீயும் புகையும் அடுத்த அறைக்குப் போகும் பாதையாகிவிடும். மக்கள் புழங்கும் இடங்களில் புகை குறைந்த, ஹாலஜன் இல்லாத உறையுள்ள கேபிளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கூரைக்கு மேலுள்ள காற்றோட்ட வெளியில் எந்த வகை உறை அனுமதிக்கப்படுகிறது என்பதை உள்ளூர்த் தீ விதியைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

கட்டுவதற்குப் பிளாஸ்டிக் டையை விட வெல்க்ரோ பட்டையே ஏற்றது. டையை இறுக்கினால் உறை நசுங்கி, உள்ளே முறுக்கிய கம்பி ஜோடிகளின் அமைப்புக் குலையும். ஒரு கேபிளில் 90 வாட் வரை அனுப்ப 2018-இல் வந்த 802.3பிடி என்ற பி.ஓ.இ. தரம் இடம்கொடுத்திருப்பதால், பெரிய கட்டின் நடுவிலுள்ள கேபிள்கள் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் சூடாகின்றன. பி.ஓ.இ. கேபிள்களை 24-க்கு மேல் ஒரே கட்டாகக் கட்டாமலிருப்பது நல்லது.

முனை கட்டும் இடத்தில்தான் கைவேலையின் தரம் தெரியும். பரவலாகப் பயன்படும் டி568பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டி568ஏ வரிசையில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும். எதை எடுத்தாலும் கட்டடம் முழுவதும் ஒன்றையே பின்பற்ற வேண்டும். பச்சை ஜோடி 3, 6 எனப் பிரிந்து, நடுவில் நீல ஜோடிக்கு இடம்விட்டு நிற்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். நடுவிலுள்ள 4, 5 தொலைபேசி இணைப்புக்குரிய இடமாக இருந்ததால் வந்த அமைப்பு அது. இதை அறியாமல், 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடிகளை வரிசையாக அடுக்குபவர்கள் உண்டு. நான் சரிசெய்யப் போன ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். எளிய டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன, ஏனெனில் ஒன்றாம் ஊசி ஒன்றுக்கும் எட்டாம் ஊசி எட்டுக்கும் சரியாகவே போயிருந்தன. ஆனால் 3, 6 ஊசிகளில் ஓடும் சைகை ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு கம்பிகளில் பிரிந்து போனதால், முறுக்கு தரும் பாதுகாப்பு முற்றிலும் இல்லாமல் போய், சில மீட்டர் நீளத்தில் ஒழுங்காக ஓடிய இணைப்பு நீண்ட கேபிள்களில் ஓயாமல் அறுந்தது. ஒரு ஜோடியின் சைகை மற்றொன்றில் கசியும் குறுக்கிரைச்சலை அளக்கும் டெஸ்டர்தான் இந்தப் பிழையைக் காட்டும். முனையில் முறுக்கைப் பிரிக்கும் நீளமும் 13 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். கேபிளின் வெளியுறை பிளக்கின் உள்ளே நுழைந்து, அதன் பிடிக்குள் இருக்க வேண்டும்.

பெயர்ச்சீட்டை இழுப்பதற்கு முன்பே இரண்டு முனைகளிலும் ஒட்டிவிடுங்கள்.

ஒரே துளை, வேறு வேறு வேலை

ஆர்ஜே45 என்று எல்லோரும் அழைக்கும் எட்டு ஊசித் துளை ஈதர்நெட்டுக்கு மட்டும் உரியதன்று. அதே வடிவத்தில் ரூட்டரை அமைப்பதற்கான கன்சோல் போர்ட் இருக்கிறது, டிஜிட்டல் தொலைத்தொடர்பு இணைப்பு இருக்கிறது, சில இடங்களில் தொலைபேசி இணைப்பும் இருக்கிறது. தொலைபேசிக் கம்பியில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட்டும், மணி அடிக்கும்போது அதன்மேல் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்னழுத்தமும் இருக்கும். அதைக் கன்சோல் போர்ட்டில் செருகினால் போர்ட் பழுதாகிவிடலாம், பிளக்கின் ஊசியைத் தொடும் கைக்கும் அதிர்ச்சி உண்டு. தொலைபேசியின் சிறிய ஆறு இடப் பிளக்கும் இந்தத் துளைக்குள் நுழைந்துவிடும். நுழையும்போது ஓரத்து ஊசிகளை வளைத்துவிடக் கூடும்.

பி.ஓ.இ.யிலும் இதே கவனம் தேவை. தரத்தின்படி அமைந்த சுவிட்ச், எதிர்முனையில் சுமார் 25 கிலோஓம் அடையாள மின்தடை இருக்கிறதா என்று சிறு அழுத்தத்தில் சோதித்துப் பார்த்த பின்பே முழு அழுத்தத்தைக் கொடுக்கும். ஆகவே அதில் சாதாரணக் கணினியைச் செருகினாலும் ஆபத்தில்லை. ஆனால் 24 வோல்ட்டைக் கேள்வியின்றிக் கேபிளில் ஏற்றும் எளிய இன்ஜெக்டர்களும் புழக்கத்தில் உள்ளன. அவற்றின் மின்சாரத் துளையில் வேறு கருவியைச் செருகினால் அது கெட்டுப்போகலாம். அத்தகைய துளையைப் பேட்ச் பேனலின் பொது வரிசைக்குக் கொண்டுவரவே கூடாது. கொண்டுவந்தே தீர வேண்டுமென்றால் தனி நிறக் கேபிளும் பூட்டும் மூடியும் போடுங்கள்.

ஒளியிழை

தரவு செல்லும் ஒளி 850, 1310, 1550 நானோமீட்டர் அலைநீளங்களில் இருக்கும். இவை அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது. இமையும் அனிச்சையாக மூடாது. இழையின் முனையையோ கருவியின் ஒளித்துளையையோ கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். கைப்பேசிக் கேமராவில் ஒளி தெரியவில்லை என்பதும் ஒளி இல்லை என்பதற்குச் சான்றாகாது. பவர் மீட்டர் மட்டுமே சான்று.

ஒளி ஒரே பாதையில் செல்லும் தனிமுறை இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர் விட்டமே கொண்டது. அதன் நடுவில் ஒரு தூசித் துகள் ஒட்டினால் வழியே அடைபட்டுவிடும். அந்தத் துகளோடு செருகியை அழுத்தினால் கண்ணாடியில் கீறல் விழுந்து, பின்னர் எவ்வளவு துடைத்தாலும் போகாது. இழைப் பழுது என்று மாற்றச் சொல்லப்படும் இணைப்புகளில் பலவற்றுக்குத் துடைப்பதே மருந்து. ஒவ்வொரு முறையும் செருகுவதற்கு முன் ஆய்வு நுண்ணோக்கியில் பார்த்து, துடைத்து, மீண்டும் பார்த்துச் செருக வேண்டும். பையிலிருந்து புதிதாக எடுத்த பேட்ச் கார்டுக்கும் இது பொருந்தும், ஏனெனில் பிளாஸ்டிக் மூடியே அழுக்கைச் சேர்க்கும்.

பச்சைச் செருகியின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலச் செருகியின் முனை நேராகத் தேய்க்கப்பட்டது. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் கண்ணாடிகள் ஒழுங்காகத் தொடாமல் ஒளி வீணாகும். நெடுந்தொலைவுக்கான 80 கிலோமீட்டர் வகை மாட்யூல்கள் (ஒளியை அனுப்பிப் பெறும் சிறு கருவிகள்) இரண்டை மேசையில் வைத்துச் சிறிய பேட்ச் கார்டால் இணைத்துச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு; ஒளி குறைப்பான் இல்லாமல் அப்படிச் செய்தால் மிகுந்த ஒளியால் ஏற்பி கெட்டுவிடும்.

இழையை வெட்டுபவர் கண்ணாடி அணிந்து, கறுப்பு விரிப்பின் மேல் வேலை செய்து, துண்டுகளை ஒட்டும் நாடாவால் எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். தோலில் ஏறிய துண்டு கண்ணுக்குத் தெரியாது, விரலைவிட்டு எளிதில் வெளியே வராது. வேலை நடக்கும் மேசையில் உண்பதும் குடிப்பதும் கூடாது.

மின்சாரம் கொடுத்த பிறகு

எல்லாம் இணைந்து, எர்த்தை மீட்டரால் மீண்டும் ஒருமுறை பார்த்த பின் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக, சில நொடி இடைவெளி விட்டு இயக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் தொடக்க மின்னோட்டங்கள் சேர்ந்து பிரேக்கரை விழச் செய்யலாம். விசிறிகள் சுழல்கின்றனவா, இரண்டு மின்வழங்கிகளும் உயிரோடு உள்ளனவா என்று பார்த்துவிட்டு, ஒரு செருகியைப் பிடுங்கிக் கருவி அணையாமல் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத இந்த நேரமே அதற்கு உகந்தது.

ஜிகாபிட் போர்ட் 100 மெகாபிட்டில் மட்டும் இணைந்தால், 4-5 அல்லது 7-8 ஜோடியில் ஒரு கம்பி தொடவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஊசிகளே போதும். மறுநாள் அதே நேரத்தில் ஒவ்வொரு போர்ட்டின் பிழை எண்ணிக்கையையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் போர்ட்டில் எண்ணிக்கை ஏறியிருக்கிறதோ, முதலில் அதன் பேட்ச் கார்டை மாற்றிப் பாருங்கள். அப்படியும் ஏறினால் அந்தக் கேபிளின் இரு முனைகளையும் வெட்டிப் புதிதாகக் கட்டி, மீண்டும் அளந்து, அளவை அதன் பெயர்ச்சீட்டு எண்ணோடு எழுதி ரேக்கின் கதவுக்குள் வையுங்கள்.